என் பெயரில் போன உன் சாம்பிள்

திலக் நகர், செம்பூர்.

அன்பும் பாசமும் மிக்க மைத்துனன் பூலோகத்துக்கு, அத்தான் கோமதிநாயகம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அக்கா விஜயராணியும் நலம். அவ்விடம் நீயும் கீதாவும் பிள்ளைகளும் நலமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். முக்கியமாக, உன் வயிறு எப்படி இருக்கிறது? இங்கிருந்து ரயில் ஏறினால் தூங்கி விழுவதற்குள் நீ இருக்கும் வாஷி வந்துவிடும், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் போடலாமென்றால் என் கைராசிக்கு அது நேரே சொந்தக்காரர்கள் குரூப்பில் போய் விழும். அதனால்தான் இந்தக் காகிதம்.

முட்டி வலிக்கு மருந்து வாங்க மாட்டுங்காவில் டாக்டர் விசாலாக்ஷியிடம் போன உன் அக்கா, என் குடலைப் பற்றிய கவலையோடு திரும்பி வந்தாள். வயது ஐம்பதைத் தாண்டினால் குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால்கூட அது காட்டிக்கொடுத்துவிடுமாம். கையோடு ஒரு சின்னக் குழாயும் வாங்கி வந்துவிட்டாள். மூடியைத் திருகினால் உள்ளே ஒரு குச்சி. அந்தக் குச்சியால் அங்கங்கே தொட்டு, மறுபடி குழாய்க்குள் செருகி மூட வேண்டும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. மாப்பிள்ளை, நான் தாராவியில் பொதுக் கக்கூஸ் வரிசையில் டப்பாத் தண்ணீரோடு நின்று வளர்ந்தவன். தண்ணீர் இல்லாமல் அந்த இடத்துக்குள் காலெடுத்து வைத்ததே கிடையாது. பேப்பரை விரித்துவிட்டு உட்கார்ந்தால் கதவுக்கு வெளியே உன் அக்கா நின்றுகொண்டு, "வந்துட்டா? குச்சியில ஒட்டிட்டா?" என்று கேட்கிறாள். வந்துகொண்டிருந்ததும் உள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

அதெல்லாம் சாக்கு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம். ஏதாவது இருக்கிறது என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். அக்கா கறிக்குழம்பு வைத்து, போதும் போதும் என்ற பிறகும் ஊற்றினாள். நீ எழுந்து கக்கூஸுக்குப் போனாய். அன்றைக்கென்று பார்த்து பில்டிங் டேங்க் காலி. வாளியில் கிடந்த ஒரு மக் தண்ணீர் உனக்கே சரியாகப் போயிற்று. "அத்தான், தண்ணி வந்ததும் ஊத்தி விட்டுருங்க, எனக்கு வண்டி போயிரும்," என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு ஓடினாய். நான் உள்ளே போனேன். பார்த்தேன். மார்க்கெட்டில் வெங்காய மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன் நீ. கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். இதைவிடச் சுத்தமான சரக்கு பம்பாயில் எங்கே கிடைக்கும்? மாமன் மச்சான் முறையில் எதை எதையோ பிடுங்கித் தின்ன உரிமை இருக்கும்போது, இதற்கு மட்டும் இல்லாமலா போகும் என்று நினைத்தேன். தண்ணீர் படாத பக்கமாகப் பார்த்துக் குச்சியால் தொட்டு, மூடி, என் பெயரை எழுதி லேபில் கொடுத்துவிட்டேன். உன் அக்காவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ். உன் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ, நம்முடையது இல்லையே என்று உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் அழ அழ நான் மறுசோறு போட்டுச் சாப்பிட்டேன். அதைப் பிசையும்போதுதான், அப்படியென்றால் இது யாருடையது என்று உறைத்தது. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். அங்கேயே உன் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கிய! ஊருல பணத்தைத் திருடுவாவ, நகையைத் திருடுவாவ. நீங்க எந்தம்பிகிட்ட போயி இதைத் திருடியிருக்கியளே!" என்றவள், அடுத்த நிமிஷமே, "ஐயோ எந்தம்பி!" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்காக அழுததைவிட உனக்காக அழுதது கூடுதல். இந்த நேரத்தில் இதைச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்.

என்னை மாட்டுங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடந்ததைக் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கேன்சர்னு இப்பவே முடிவு கட்டாதீங்கோ. ரத்தம் கசியறதுன்னு மட்டும்தான் இது சொல்றது. மூலமா இருக்கலாம், குடல்ல சின்ன முளையா இருக்கலாம். கேமராக் குழாய் விட்டுப் பார்த்தாத்தான் தெரியும். முளைன்னா பெரும்பாலும் அங்கேயே எடுத்துடலாம். அவரைத் தள்ளிப் போடாம அழைச்சுண்டு வாங்கோ," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தத் தடவை உங்களோடதையே குடுங்கோ," என்றார். கொடுத்திருக்கிறேன், உன் அக்காவின் காவலில். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. சம்பிரதாயத்துக்குத்தான், எனக்கு ஒன்றும் இருக்காது.

ஆகையால் கோபத்தை ஒத்திவைத்துவிட்டு டாக்டரைப் போய்ப் பார். மயக்க மருந்து கொடுப்பார்களாம், தூங்கி எழுந்தால் முடிந்தது. முந்தின நாள் வயிற்றைக் கழுவ ஏதோ குடிக்கச் சொல்வார்கள். அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வராதே. ஆண்பிள்ளை இதற்கெல்லாம் பயப்படுவதா? என்னைப் பார், எவ்வளவு தைரியமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கீதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தினமும் காலையில் உனக்குச் சிரமமில்லாமல் போக, உங்கள் குலசாமி சாஸ்தாவும் எங்கள் குலசாமி சாஸ்தாவும் சேர்ந்து துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தான்,
கோமதிநாயகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது லேபிலிருந்து போன். என்னுடையதும் பாசிட்டிவ். உனக்குச் சொன்ன சமாதானத்தையெல்லாம் எனக்கே ஒரு தடவை படித்துப் பார்த்தேன், ஒன்றும் வேலை செய்யவில்லை. உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுப்படியில் உனக்காக அழுதுகொண்டிருக்கிறாள். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வா, மாப்பிள்ளை. அந்த டாக்டரிடம் தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.