செல்வநாயகியின் தோட்டம் நிற்க மாட்டேன் என்கிறது

ஏரம்பமூர்த்தி பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது இருட்டிவிட்டிருந்தது. பினாங்கு கெலுகோரில் அப்போது காலை பத்து மணி, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருட்டியது டிவிக்குள்ளேதான்.

திரையில் கொண்டையும் மஞ்சள் சட்டையுமாக ஒரு குட்டிப் பெண் தோட்டத்து நடுவில் நின்று கொட்டாவி விட்டாள். அவர் கன்ட்ரோலரைத் தேடி எடுப்பதற்குள் அப்படியே மயங்கி விழுந்தாள். திரை கறுத்தது. மூலையில் எறும்பு அளவில் ஏதோ எழுத்து ஓடியது. ஓடி முடிந்தபோது அங்கே மறுநாள் விடிந்திருந்தது. மாட்டுக்குத் தீனியில்லை, செடிக்குத் தண்ணீரில்லை.

அந்தக் குட்டிப் பெண்தான் அவருடைய மனைவி செல்வநாயகி. நிஜச் செல்வநாயகி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கீமோ நாட்களில் பொழுது போகட்டுமென்று, லீவில் வந்த மகள் சுதர்ஷினி கொம்தார் கடைத்தொகுதியில் வாங்கிக் கொடுத்த விளையாட்டு மெஷின் இது. சோபாவில் சாய்ந்தபடி, ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிய கையோடு, செல்வநாயகி இதில் ஒரு பண்ணையே நடத்தினாள். பூசணி போட்டாள், மாடு வளர்த்தாள். விடிந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் கத்திக்கொண்டு திரியும் சேவலுக்கு 'ஹெட் கிளார்க்' என்று பேர் வைத்துத் தானே சிரித்தாள். துறைமுக ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஏரம்பமூர்த்தி பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

சனிக்கிழமை ஆட்டைத் திவசம். அதற்கு முதல் நாள் சுதர்ஷினி மெல்பர்னிலிருந்து வந்து இறங்குகிறாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, அம்மாவோட தோட்டத்த ஒரு தடவ பார்க்கணும். அம்மா கடைசியா எப்படி விட்டுட்டுப் போனாங்களோ அப்படியே. நீங்க தொட்டுறாதீங்க."

தொடக்கூடாது என்றுதான் இருந்தார். மெஷின் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லதல்லவா என்று ஒரு சாக்கு கிடைத்தது. சாக்கு யாருக்காக என்று தெரியவில்லை, வீட்டில் அவரைத் தவிர ஆளில்லை. உண்மையில் அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. திறந்தார். மஞ்சள் சட்டை பூசணிக் கொடிகளுக்கு நடுவே நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாத்ரூமுக்குப் போக வேண்டி வந்தது.

மெஷின் பெட்டியில் கடை நம்பர் ஒட்டியிருந்தது. கடைக்காரன் சாஹித் போனை எடுத்தான்.

"தம்பி, நேத்து இருந்த மாதிரி திருப்பிக் கொண்டு வர என்ன செய்யணும்?"

"முடியாது அங்கிள். இந்த கேம்ல ஒரே ஒரு சேவ்தான். தூங்குனா பழசு மேலயே புதுச எழுதிரும்."

"தூங்கல தம்பி. மயங்கி விழுந்துட்டா."

"அதுவும் அதே கணக்குதான் லா."

"கேக்காம எப்படி எழுதலாம்? ஆபீசுல ஒரு கடுதாசிய மாத்தணும்னாகூட பழசுக்கு ஒரு காப்பி வச்சுட்டுத்தான் கை வைப்போம்."

"நியாயம்தான். கேம் செய்றவங்களுக்கு யாரு போய் சொல்றது?"

"சரி, நிறுத்தி வைக்கவாவது வழி இருக்கா? மனுசன் பாத்ரூம் போக வேணாமா?"

"பிளஸ் பட்டன அமுக்குங்க. டைம் நின்னுரும்."

அமுக்கினார். திரையில் ஒரு பெட்டி திறந்தது. பெட்டிக்குப் பின்னால் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்கல."

"நிக்கணுமே." சாஹித் சற்று யோசித்தான். "எல்லாருக்கும் நிக்குது. மெஷின இங்க கொண்டு வாங்க, பார்ப்போம்."

பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. கீழே விழுந்தால் இருப்பதும் போய்விடும். அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாடு பட்டினியாக நிற்பதையும் கொடி வாடிக் கிடப்பதையும் பிள்ளை வந்து பார்ப்பதா? எல்லாவற்றையும் சரிப்படுத்திவிட்டு அணைப்போம் என்று உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க வழியில்லை. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். கன்ட்ரோலரில் மீன் குழம்பு ஒட்டியது. துடைப்பதற்குள் மாடு வேலியைத் தாண்டியது. சுதர்ஷினி போன் செய்தபோது, "கொஞ்சம் இரும்மா, பால் கறக்கிறேன்," என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

ஆனாலும் சாதித்துவிட்டார். மாடு தேறியது, கொடி நிமிர்ந்தது. பூசணிகூடக் காய்த்துக் குலுங்கியது. இன்னும் ஒரு நாள் போனால் நன்றாகப் பழுத்துவிடும் என்று ஆசைப்பட்டுக் குட்டிப் பெண்ணைப் படுக்கவைத்தார். விடிந்தபோது தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. பூசணிக் கொடி ஒன்று பாக்கியில்லாமல் கருகிக் கிடந்தது.

பினாங்கில் பிறந்து வளர்ந்த மனிதர். வெயில் தெரியும், மழை தெரியும். ஒரே ராத்திரியில் பருவம் மாறி விதைத்ததெல்லாம் செத்துப்போகும் என்று அவர் எங்கே கண்டார்? விளையாட்டு சொல்லித்தான் இருக்கும், மூலையில், எறும்பு எழுத்தில். எழுத்தைப் பெரிதாக்க எங்காவது வழி இருக்குமா என்று துழாவினார். அப்படி ஒன்றைச் செய்ய எவனுக்கும் தோன்றவில்லை.

அவள் கையால் நட்ட கடைசிக் கொடி அது. செல்வநாயகியை இரண்டாம் தடவையும் பறிகொடுத்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை டாக்டரைக் குறை சொல்லவும் முடியாது. குழம்பு ஒட்டிய கன்ட்ரோலரைப் பிடித்தபடி ஏரம்பமூர்த்தி சத்தமில்லாமல் அழுதார்.

இடியாப்பம் கொடுக்க வந்த அடுத்த வீட்டு சுப்பையா அந்தக் கோலத்தில்தான் அவரைப் பார்த்தார். அந்தத் தெருவில் யார் வீடு வாங்கினாலும் சுப்பையா வந்து வாசல் பார்த்துச் சொன்ன பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். அவர் டிவியைக் கூர்ந்து பார்த்தார்.

"என்ன மூர்த்தி இது, சுடுகாடு மாதிரி?"

"செல்வாவோட தோட்டம்."

சுப்பையா இடியாப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாசல் எந்தப் பக்கம்?" என்றார்.

ஏரம்பமூர்த்தி காட்டினார்.

"அதுக்கு நேரா என்ன அது, இன்னொரு வீடு?"

சிவப்புக் கூரை போட்ட சின்ன வீடு. கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு பலகை தொங்கியது. டிவியில் மூக்கு இடிக்கும்வரை போய்ப் பார்த்தும் அதில் எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை.

"ஸ்டோரா இருக்கும். எப்பவும் பூட்டியேதான் கிடக்கு."

"ஆள் புழங்காத வீடு வாசலுக்கு நேரா நின்னா வீட்டுக்காரிக்கு ஆகாதுப்பா. அதான் ஒன்னும் விளங்கல. எடுத்துரு."

வீட்டுக்காரிக்கு ஆகாது என்ற சொல் ஏரம்பமூர்த்தியின் நெஞ்சில் போய்க் குத்தியது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று நினைத்தார். எந்த வீட்டைப் பற்றி நினைக்கிறோம் என்ற கணக்கெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு இல்லை.

பலகையைப் படிக்க பூதக்கண்ணாடி தேடி டிராயரைத் திறந்தார். கண்ணாடி அகப்படவில்லை. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாத இன்னொரு கன்ட்ரோலர்தான் கிடந்தது. சீனி வாங்கினாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குகிறவள்தானே என்று டிராயரை மூடினார்.

விளையாட்டுக் கிராமத்தில் ஒரு தச்சன் இருந்தான். அவனிடம் போய் வீட்டைக் காட்டியதும் அவன் எறும்பு எழுத்தில் என்னவோ கேட்டான். கீழே ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

"பச்சைய அமுக்கு," என்றார் சுப்பையா. "பச்சைன்னா உலகம் முழுக்க சரின்னுதான்."

அமுக்கினார். சிவப்புக் கூரை புகையாகிப் போனது. அந்த இடத்தில் பனி மட்டும் இருந்தது.

வாசலில் கேஸ்காரர் ஹாரன் அடித்தார். ஏரம்பமூர்த்தி பழக்கதோஷத்தில் பிளஸ்ஸை அமுக்கிவிட்டு ஓடினார். சிலிண்டரை மாட்டி, சுப்பையாவையும் வழியனுப்பிவிட்டு, மறுபடி மயங்கியிருப்பாள் என்று பயந்தபடி வந்து பார்த்தார்.

கடிகாரம் நின்றிருந்தது. பனித்துளிகள்கூட விழாமல் அந்தரத்தில் நின்றன. மஞ்சள் சட்டைக்காரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள்.

அவர் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்தார். காப்பி கலந்து எடுத்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அப்போதெல்லாம் அவள், "கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்களேன்," என்று கூப்பிடுவாள். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டு," என்று அவர் பேப்பரைத் திருப்புவார். இப்போது பேப்பர் கேட்டிலேயே கிடந்தது. காப்பி ஆறிப்போகும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசணி போனால் போகட்டும், இவள் நிற்கிறாளே, மகளுக்கு இதைக் காட்டலாம் என்று மனம் தேறியது.

மறுநாள் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு பஸ் ஏறிக் கொம்தாருக்குப் போனார். நல்ல செய்தியைப் போனில் சொல்வது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

"நின்னுருச்சு தம்பி."

"பரவால்லையே. என்ன செஞ்சீங்க?"

"வாசலுக்கு எதிரே பூட்டுன வீடு ஒன்னு இருந்துச்சு. அத எடுத்துட்டோம். வாஸ்து."

சாஹித்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சிவப்புக் கூரை வீடா, அங்கிள்? நீங்க செல்வநாயகி ஆன்ட்டி வீட்டுக்காரரா?"

"ஆமா. ஸ்டோரு."

சாஹித் பிஸ்கட் பெட்டியைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தான்.

"ஆன்ட்டி இங்க வந்து ரெண்டாவது கன்ட்ரோலர் வாங்குனப்ப, அந்த வீட்ட எப்படிக் கட்டறதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது கூட சேர்ந்து விளையாட வர்றவங்களுக்கு. அவங்க எப்ப வேணும்னாலும் உள்ள வரலாம்ல, அதனால அந்த வீடு இருக்கிற வரைக்கும் டைம் நிக்காது."

"அப்ப மகளுக்காகவா கட்டி வச்சிருந்தா?" என்றார் ஏரம்பமூர்த்தி. "வெள்ளிக்கிழமை வர்றாளே, நான் என்ன சொல்லுவேன்?"

சாஹித் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இல்ல அங்கிள், கதவுல எழுதணும்னு ஆன்ட்டி கேட்டது உங்க பேரத்தான்."