ரகுநாதன் இல்லாமல் ஒரு போல்ட்டும் நகராது

சனிக்கிழமை சாயங்காலம் மாலை போட்டு, மடல் வாசித்து, மிக்சர் கொடுத்து வழியனுப்பி வைக்கப்பட்ட ரகுநாதன், திங்கட்கிழமை காலை ஸ்டோர்ஸ் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எதையோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தான் குமாஸ்தா இக்னேஷியஸ்.

"குடையை விட்டுட்டீங்களா சார்?"

"வேலையை விட்டுட்டுப் போனேன். எடுத்துக்க வந்திருக்கேன்" என்றார் ரகுநாதன். "முதலாளி நேத்து ஆள் அனுப்பினார். இன்னும் ஒரு வருஷம் இருக்கணுமாம். உன் மடலைப் படிச்சுட்டுக் கண் கலங்கிட்டாராம்."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் பம்புகள் செய்யும் கம்பெனி அது. அங்கே யாருக்கு எது எழுத வேண்டியிருந்தாலும் இக்னேஷியஸிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததில் அவனிடம் மிச்சமிருந்தது உயர்வு நவிற்சி அணி ஒன்றுதான். லேசான தலைவலிக்கே, 'தலை வெடித்துச் சிதறிவிட்டபடியால் இன்று ஒரு நாள் விடுப்பு' என்று எழுதுகிறவன்.

ரகுநாதன் தலை தெரிந்தால் லேத் மெஷின்கூட மூச்சை அடக்கிக்கொண்டு ஓடும் என்பார்கள். அதுவும் இக்னேஷியஸ் சொன்னதுதான். ஆகவே பாதிக்குமேல் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அவர் ஓய்வு பெறுகிறார் என்றதும் ஸ்டோர்ஸே கைக்காசு போட்டு மிக்சர் வாங்கியது நிஜம். அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் மடலில் எழுதினான்: 'தாங்கள் இல்லாமல் இங்கே ஒரு போல்ட்டும் நகராது. நாங்கள் வடிக்கும் கண்ணீரில் செம்பரம்பாக்கம் ஏரி கரை உடையும்.'

மதியம் உதவி மேனேஜர் குணசேகரன் அவனைக் கேன்டீன் பின்பக்கம் கூப்பிட்டான். ரகுநாதன் நாற்காலி அவனுக்கு வரவேண்டியது.

"இன்னா காரியம் பண்ணி வச்சிகீற? நான் புதுச் சட்டை தச்சிப் போட்டுகினு வந்து நிக்கிறேன். மாமியார் ஊட்ல வேற சொல்லிட்டேன்."

"அது அணி, அண்ணாத்தே. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எல்லாரும் எயுதுவாங்க. ஒருத்தனும் நம்ப மாட்டான். நீ நம்புற மாரி எயுதிட்ட. நீயே இதைச் சரி பண்ணு."

இக்னேஷியஸ் யோசித்து முதலாளிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். ரகுநாதன் வாட்டசாட்டமான ஆள். 'ஐயா அவர்கள் உழைத்து உழைத்துத் துரும்பாகிவிட்டார். காற்றடித்தால் பறந்துவிடுவாரோ என்று அஞ்சி, ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறோம். அன்னாருக்கு ஓய்வு தந்து காப்பாற்ற வேண்டுகிறோம்.'

மறுநாளே உத்தரவு வந்தது. ரகுநாதனை அலையவிடக் கூடாது. அவர் வேலையையும் சேர்த்துக் குணசேகரன் பார்க்க வேண்டும். தினமும் பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் தரவேண்டும். அதையும் குணசேகரனே கலந்து எடுத்துப்போக வேண்டும்.

ஹார்லிக்ஸில் சர்க்கரை குறைவு என்று ரகுநாதன் முதல் நாளே திருப்பி அனுப்பினார்.

"நைனா, இனிமே நீ ஒண்ணும் எயுதாத" என்றான் குணசேகரன். டம்ளர் இன்னும் அவன் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, எயுது. வேற வழி கீதா?" என்றான்.

இக்னேஷியஸ் மேனாம்பேட்டில் இருந்த தன் வீட்டுக்குப் போய் மனைவி செலினிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு தடவையாவது உள்ளதை உள்ளபடி எழுதிப் பாருங்களேன்."

"அப்படி எழுதிப் பழக்கமில்ல செலின்."

"எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி, 'உனக்காக ஒரு அரண்மனை காத்திருக்கிறது'ன்னு எழுதினீங்க. வந்து பாத்தா ஒண்டுக் குடித்தனம். குழாயடிக்குப் போக நாலு வீட்டைத் தாண்டணும்."

மிகவும் கஷ்டப்பட்டு எழுதினான். ஓர் உவமைகூட உள்ளே வராமல் பார்த்துக்கொண்டான். 'மடலில் எழுதியது மிகை. ரகுநாதன் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அவர் போனால் எங்களுக்குச் சந்தோஷம்.'

முதலாளி அவனையும் குணசேகரனையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ மூணு எழுதியிருக்கே. இது ஒண்ணுதான் படிச்ச உடனே பொய்னு தெரியுது" என்றார். "முதல் ரெண்டும் மனசுல இருந்து வந்திருக்கு. இதுல உயிரே இல்லை. யார் மிரட்டி எழுத வெச்சா?"

கேட்டுக்கொண்டே குணசேகரனைப் பார்த்தார். குணசேகரன் புதுச் சட்டையின் பொத்தானைப் பார்த்தான்.

"இவ்வளவு பகைக்கு நடுவுல ஒரு மனுஷன் வேலை பார்க்கிறார்" என்றார் முதலாளி. ரகுநாதனுக்குத் தந்திருந்த ஒரு வருஷம் மூன்று வருஷமாயிற்று. குணசேகரன் பூந்தமல்லி கோடவுனுக்கு மாற்றப்பட்டான். போகும்போது இக்னேஷியஸிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஹார்லிக்ஸ் கலக்கும் பொறுப்பு இக்னேஷியஸுக்கு வந்தது.

இனி ஒரே வழிதான் பாக்கி. ரகுநாதனிடமே உண்மையைச் சொல்லிவிடுவது. ரோஷக்காரர்; கேட்டதும் தானே விலகிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் இக்னேஷியஸ் நூம்பலில் இருந்த அவர் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி பார்வதம். கையில் வாரப் பத்திரிகை. உள்ளே ரேடியோவில் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் ஆபீசுக்குப் போயிருக்காரே, தம்பி."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா."

"ஆமா" என்றாள் பார்வதம் நிதானமாக. "உள்ள வாங்க. காப்பி சாப்பிடலாம்."

காப்பி நன்றாக இருந்தது. பாதி குடித்ததும் இக்னேஷியஸ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டான்.

"அம்மா, சாருக்கு மடல் எழுதினது நான்தான். அதுல போல்ட்டு நகராது, ஏரி உடையும்னு எழுதினதெல்லாம் சும்மா ஒரு அழகுக்கு. நிஜமில்ல. சார் அதை முதலாளிகிட்டக் கொண்டுபோய்க் காட்டுவார்னு நான் நெனைக்கல."

பார்வதம் ரேடியோவைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நிஜமில்லைன்னு எனக்குத் தெரியாதா? அவரோட குடும்பம் நடத்தினவ நான். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில சாம்பாருக்குத் துவரம்பருப்பு எடுக்கப் போறேன், டப்பாவுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்துகிட்டு, 'சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடு'ங்கிறாரு" என்றாள். "மத்தியானம் அவர் தூங்கினதும், அந்த மடலை எடுத்துகிட்டு முதலாளி வீட்டுக்குப் போனது நான்தான்."