மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

விஷவாயு தாக்கிய ஆள் இப்படியா கத்துவார்? பல் வலிக்காரர் மாதிரி? தலைமை சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில் ஒத்திகை தொடங்கி மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. சோதனை போடப் புது அதிகாரி வருகிறார். போன தடவை போல இந்தத் தடவையும் சொதப்பினால் அவளுடைய நச்சு சிகிச்சைப் பிரிவுக்குப் பூட்டுதான். நோயாளியாக நடிக்க நாலு பேரைக் கேட்டிருந்தாள். வந்து சேர்ந்தது இந்த வழுக்கைத் தலையர் ஒருவர்.

"ஐயா, கத்தாதீங்க. மூச்சு முட்டணும், கண்ணுல தண்ணி வரணும்," என்று சொல்லிக்கொண்டே, தரையில் படுத்திருந்தவரை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

"சிஸ்டர், மஞ்சக் கோட்டைத் தாண்டிட்டீங்க," என்றார் வாட்ச்மேன்.

"அதுக்கென்னண்ணே இப்ப?"

"விஷம் இருக்கிற பக்கம் கால் வச்சவங்க குளிக்காம இந்தப் பக்கம் வரக்கூடாது. நீங்கதான் எழுதி ஒட்டியிருக்கீங்க."

"நான் எழுதுனது எனக்கேவா?"

"யாரா இருந்தாலும்னு போட்டிருக்கு. ரெண்டு அடிக்கோடு வேற."

மூன்று வருஷமாக யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத தாள். இந்த மனுஷன் மட்டும் ஒரு எழுத்து விடாமல் படித்து வைத்திருக்கிறார்.

அந்தப் பக்கம் பாதுகாப்பு உடையில் இருந்தது ஒரே ஒரு நர்ஸ். விஷமுறிவு ஊசியும் கையுமாக நோயாளியிடம் குனிந்தவளை சிஸ்டர் கூப்பிட்டாள்.

"ஏம்மா, அத அப்புறம் பாக்கலாம். முதல்ல என்னக் கழுவி விடு. அதிகாரி வந்து என்னை இந்தக் கோலத்துல பாத்தா மானம் போயிரும்."

குளிப்பாட்டப் போட்டிருந்த கூடாரத்துக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்த டாக்டர் வால்வை ஒரு முறுக்கு முறுக்கினார். தண்ணீர் பீறிட்டு, ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டு ஆடியது. அதைப் பிடிக்க ஓடியவர் அந்தப் பக்கம் போய்த்தான் நின்றார்.

"டாக்டர், இப்ப நீங்களும்," என்றார் வாட்ச்மேன்.

"யோவ், நான் டாக்டர்யா."

"அது விஷத்துக்குத் தெரியுமா சார்?"

இருவரையும் வரிசையில் நிறுத்தி நர்ஸ் சோப்பு போட்டாள். படுத்திருந்தவர் கையைத் தூக்கினார்.

"அம்மா, எனக்கு அந்த ஊசி..."

"மயக்கத்துல இருக்கிறவரு பேசக்கூடாதுய்யா. செத்த சும்மா படுங்க. ஒரு வேலைய ஒழுங்காச் செய்ய ஆளே கிடையாதா?" என்று சிஸ்டர் அதட்டினாள்.

அவர் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் முனகலும் நின்றது. இப்போதுதான் மனுஷன் சரியாக நடிக்கிறார் என்று கண்ணெல்லாம் சோப்போடு சிஸ்டர் மெச்சிக்கொண்டாள்.

சொட்டச் சொட்ட, சட்டப்படி, கோட்டைத் தாண்டி வந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை பற்றிக்கொண்டு வந்தது.

"மணி பதினொண்ணு. பத்தரைக்கு வர்றேன்னு லெட்டர் போட்டவரு. நாம இங்க உயிரக் குடுத்து வேலை பாக்குறோம், அவருக்கு நேரத்துக்கு வரத் தெரியல. அண்ணே, அந்த அதிகாரி வாசல்ல நிக்கிறாரானு போய்ப் பாருங்க."

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"வாசல்ல தேட வேணாம்மா. ஊசி போட ஆளில்லாம அந்த அதிகாரி செத்து இருபது நிமிஷமாச்சு."