கப்பல் விலை இறங்கும்வரை

பள்ளிபாளையத்தில் இருக்கும் மாப்பிள்ளை பச்சமுத்து அவர்களுக்கு, எருமப்பட்டியிலிருந்து உங்கள் அக்காள் அத்தாயியின் வீட்டுக்காரன் அங்கமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காளும் மகன் தனசேகரும் மருமகள் சரிதாவும் சௌக்கியம். எங்கள் எருமை பக்கத்து வீட்டில் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சி ராசம்மாளும் உடம்பு சுகத்தோடு இருக்க நாமக்கல் ஆஞ்சநேயர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கடிதத்தை நான் சொல்லி வேறு யாரும் எழுதவில்லை. சத்துணவுக்கூடத்தில் கந்தம்மாள் டீச்சர் நடத்தும் சாயங்கால வகுப்பில் படித்த எழுத்தைக் கொண்டு நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. ஆறட்டும். போனில் பேசினால் உங்கள் அக்காள் காதில் விழும். எழுத்து சத்தம் போடாது. அது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுதி முடித்ததும் ஈரோடு போகும் முட்டை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் உடனே எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும்.

விஷயம் என்னவென்றால், நந்தகுமார் டீக்கடைப் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நானாகவே படித்து முடித்த முதல் செய்தி அதுதான். சென்னையில் புறப்பட்டுக் கடலைச் சுற்றிவிட்டு வரும் உல்லாசக் கப்பலில், புறப்படும் நாள் நெருங்கியும் அறைகள் காலியாகக் கிடந்தால் கட்டணத்தைக் குறைப்பார்கள், கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு லாபம் என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மாப்பிள்ளை, இது நம் சந்தைக் கதை அல்லவா? சின்ன வெங்காய மூட்டையோடு நான் காலையிலிருந்து நிற்பேன். வியாபாரி எதிரில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே இருப்பான், என் பக்கம் திரும்பவே மாட்டான். பொழுது சாய்ந்ததும் எழுந்து வந்து வாய்க்கு வந்த விலையைக் கேட்பான். மூட்டையைத் திரும்ப ஏற்றிப்போக முடியாது என்று அவனுக்குத் தெரியும். நானும் கொட்டிவிட்டு வருவேன். வாழ்நாளெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் சரக்கோடு நின்றவன் நான். இப்போது கப்பல்காரன் நிற்கிறான். பீடி குடிப்பது என் முறை.

உங்கள் அக்காளுக்கும் கடலைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. காவிரிக்கரையில் பிறந்தவள். இந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போய் நிற்கும் என்று கல்யாணமான புதிதிலேயே கேட்டாள். வெங்காயம் விலை ஏறட்டும், காட்டுகிறேன் என்றேன். வெங்காயம் ஏறுவதற்காகக் காத்திருந்து காலம் போயிற்று. இனிமேல் கப்பல் இறங்குவதற்காகக் காத்திருக்கலாம், இது நடக்கிற காரியம் என்று சொன்னேன். அவளும் சரி என்று பெட்டியைக் கட்டினாள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

விலை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, இறங்கினதும் ஓட வேண்டும், ஆகவே எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். நல்ல வேட்டி பெட்டிக்குள் போயிற்று, சீப்பு போயிற்று, என் கண்ணாடியும் போயிற்று. தினமும் காலையில் சரிதா போனில் விலையைக் காட்டுவாள், அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடிக்காகப் பெட்டியைத் திறந்தால் மடிப்பெல்லாம் கலைகிறது என்று உங்கள் அக்காள் சத்தம் போடுவாள். இப்போது சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். கண்ணாடி மட்டும் வெளியே வந்துவிட்டது, வேட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே கிழிந்த துண்டைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெட்டியைப் பலகையாக வைத்துத்தான்.

எருமையை யார் பார்ப்பது என்று பக்கத்து வீட்டு முத்தாயம்மாளிடம் முன்கூட்டியே ஓட்டிவிட்டோம். கறந்த பாலை நீயே வைத்துக்கொள் என்று பெரிய மனதோடு சொல்லியாயிற்று. அன்றிலிருந்து எங்கள் எருமைப் பாலை அவளிடம் காசு கொடுத்து வாங்கி டீ குடிக்கிறோம். திருப்பிக் கேட்டால் பயணம் இல்லை என்று ஆகிவிடாதா? அவள் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. செம்பை நீட்டும்போதெல்லாம், "ஏனுங்ணா, இன்னைக்காச்சும் கப்பலு ஏறுவீங்களா? எருமை கேக்குதுங்க" என்கிறாள்.

ஊர் சனமும் சேதி கேட்டு வழியனுப்ப வந்துவிட்டது. வாழைப்பழம், பிஸ்கட், ஆளுக்கொரு பை. "பத்திரமா போயிட்டு வாங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், மறுவாரம் என்னைத் தெருவில் பார்த்ததும், "வந்துட்டீங்களா? கடலு எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்கிறார்கள். ஒருத்தரிடம் மட்டும் வாய் தவறி, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டேன். டீக்கடைக்குப் பின்வழியாகப் போனால் நந்தகுமார் கடைக்குள்ளிருந்தே கத்துகிறான், "அங்கமுத்து ஐயா, கப்பலு நாமக்கல்லு தாண்டிருச்சுங்களா?"

விலையும் ஒழுங்காக இறங்கியதா? கொஞ்சம் இறங்கியது. எடுத்துவிடலாமா என்று மனசு கேட்டது. இரு, இன்னும் பொழுது இருக்கிறது என்றேன். மறுநாள் ஏறிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு உங்கள் அக்காள் தட்டை வைத்தபடி கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்க, என்னையப் பொண்ணு பாத்துப்போட்டுப் போயி ஒரு வருசம் பதிலே சொல்லாம இருந்தீங்களே, அப்பவும் வெல எறங்கட்டும்னுதான் பாத்துட்டு இருந்தீங்களா?" அப்போது பதில் சொல்லாமல் இருந்தவர் என் அப்பா. அது உங்களுக்கே தெரியும். இப்போது அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

மாப்பிள்ளை, இனிமேல்தான் முக்கியமான சங்கதி. கப்பல் நாளை மறுநாள் புறப்படுகிறது. இன்று காலை விலை விழுந்துவிட்டது. சும்மா இல்லை, தக்காளி விழுகிற மாதிரி விழுந்துவிட்டது. பேப்பர்காரன் சொன்னது நிஜம், நான் படித்ததும் நிஜம்! நான் குதித்த குதியில் துண்டு அவிழ்ந்தது. "சரிதா, போடு சாமி, உடனே போடு" என்றேன். அவள், "இருங்க மாமா, அடுப்புல பால் இருக்குது" என்று போய்விட்டாள். பால் பொங்கி இறங்கியது. அதன்பின் போனில் சார்ஜ் இல்லை என்றாள். நான் கையில் கண்ணாடியோடு பக்கத்திலேயே உட்கார்ந்தேன், டிக்கெட் வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று. தனசேகர் வந்தான். டவர் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே போனில் யாரோடோ பேசிக்கொண்டே வெளியே போனான். உங்கள் அக்காளோ சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "கப்பலு நம்மள உட்டுப்போட்டுப் போச்சுன்னா, நானு இந்தப் பெட்டியோட பள்ளிபாளையம் என்ற தம்பி ஊட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்" என்கிறாள். சொல்லும்போது கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரிப்புக்கு என்ன சமாதானம் செய்வது? உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் பெட்டியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆகவே நீங்கள் சரிதாவுக்குப் போன் போட்டு, பெரியவர் சொல்வதைக் கேட்டு உடனே பதிவு செய் என்று அதட்ட வேண்டும். இரண்டாவது, ஒருவேளை கப்பல் தவறி உங்கள் அக்காள் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், தயவுசெய்து கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் கேட்டால் ஜன்னல் வழியாகக் கொடுங்கள். உங்கள் வீட்டுச் சோற்றை ஒரு வேளை சாப்பிட்டால் அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள். என் மானம் உங்கள் தாழ்ப்பாளில் இருக்கிறது.

தங்கச்சி ராசம்மாளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் தறிகள் ஓயாமல் ஓடட்டும், நூல் விலை குறையட்டும், துணி விலை ஏறட்டும். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், விஷயத்தில் பிழை இல்லை.

இப்படிக்கு,
அங்கமுத்து (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இதை மடித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் போனில் கூப்பிட்டுவிட்டீர்கள். "மச்சான், கப்பல்ல குளுருமா, ஸ்வெட்டர் எடுத்துக்கோணுமான்னு ராசம்மா கேக்கறா. நாங்க ஈரோட்டுல ரயிலு ஏறீர்றோம், நீங்க சேலத்துல ஏறீருங்க" என்றீர்கள். எந்தக் கப்பல் என்று நான் கேட்டதும், "போனை அக்காகிட்ட குடுங்க மச்சான்" என்றீர்கள். உங்கள் அக்காள் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்துவிட்டுச் சொன்னாள். நான் பேப்பர் படித்த மறுநாளே, ஆடு விற்றுச் சேர்த்து வைத்திருந்த காசில், சரிதாவை விட்டு நம் நாலு பேருக்கும் முழு விலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். "முழு வெலைன்னு தெரிஞ்சா ரத்து பண்ணிப்போட்டு வந்துருவீங்க. கரையை உட்டு நகந்தப்பொறகு சொல்லலாம்னு இருந்தேன். அப்பத்தான் எறங்கி ஓட முடியாது" என்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்றேன். "கடைசி நேரத்துல தள்ளிவிட்ட வெலைக்கு என்னையக் கூட்டிட்டுப் போவீங்களா? நானு என்ன பொழுதோட மிஞ்சுன வெங்காயமா?" என்றாள். சரிதா வேறு, "முன்னெல்லாம் போட்டாச்சுன்னு சொன்னா மாமா நம்பிக்குவாங்க. இப்ப டிக்கெட்டுல வெலையப் படிச்சுப் பாக்கறாங்களே, என்ன பண்ணுறது?" என்கிறாள். இதைவிட என் படிப்புக்கு என்ன மரியாதை வேண்டும்?

ஆகவே மேலே எழுதிய அத்தனையும் ரத்து. எழுதிய கை வலி வீணாகக் கூடாது என்பதால் இதை முட்டை லாரியில் அனுப்பாமல் கப்பலிலேயே உங்கள் கையில் கொடுக்கிறேன். கொடுத்த விலைக்கும் விழுந்த விலைக்கும் உள்ள மிச்சத்தைத் திருப்பிக் கேட்டுக் கப்பல்காரனுக்கு அடுத்த கடிதத்தை அங்கே உட்கார்ந்து எழுதப் போகிறேன். அது உங்கள் அக்காளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் அறை எங்கள் அறைக்கு அடுத்ததாம். அதனால் ஒன்றை மட்டும் ரத்து செய்யவில்லை: பெட்டியோடு வந்து நின்றால் கதவைத் திறக்காதீர்கள்.