கல்யாணப் பத்திரிகை ஓட்டிய ஸ்டியரிங் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் கல்யாணப் பத்திரிகையை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டியரிங் அண்ணாச்சிதான். நானும் அவரும் ஒரே டி.டி.பி. கடையில் பக்கத்துப் பக்கத்து மேஜை.

கடையநல்லூரில் மூடிப்போன ஒரு கேம் சென்டரின் கார் ரேஸ் ஸ்டியரிங்கும் மூன்று பெடலும் காயலான் கடையில் கிடந்தன. ஒருநாள் அதையெல்லாம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பக்கம் நகரும். பிரேக்கை மிதித்தால் கடைசியாகச் செய்தது அழியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காப்பி எடுத்தது ஒட்டும்.

"ஒழுங்கா மவுஸப் பிடியும்வே" என்று முதலாளி கத்துவார்.

"மவுஸுக்கு பிரேக் உண்டுமா முதலாளி?"

புளியங்குடியிலிருந்து பத்திரிகை சரிபார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையின் அப்பா, திரையை உற்றுப் பார்க்கக் குனிந்தவர் ஆக்ஸிலரேட்டரில் காலை ஊன்றிவிட்டார். மகன் பெயர் வரிசையாக முப்பது தடவை விழுந்தது.

"என்னவே இது! எம் மவனுக்கு ஒரு கல்யாணந்தான் பண்ணுதோம்!"

"மொதல்ல கால எடுங்க. வண்டி ஓடிட்டிருக்கு" என்றார் எங்கள் அண்ணாச்சி.

முதலாளி அன்றே ஸ்டியரிங்கைத் தூக்கி எறியச் சொன்னார். இவர் கேட்டால்தானே.

அப்புறம் எங்கள் டைப்பிஸ்ட் மல்லிகா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, வலது கை விரல்கள் மடங்கவில்லை. ஒற்றைக் கையால் தமிழ் அடித்துப் பாருங்கள், ஷிஃப்ட்டைப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். ஒரு வாரம் பார்த்த முதலாளி, "வேற ஆளு பாக்கணும் போல" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார். அவள் தலை நிமிரவில்லை.

மறுநாள் வந்து பார்த்தால் அண்ணாச்சி தரையில் மல்லாந்து கிடக்கிறார். தலை மல்லிகாவின் மேஜைக்கு அடியில். மொத்த செட்டும் அங்கே போயிருந்தது. ஸ்டியரிங் பின்னால் சும்மா தொங்கியது; மூன்று பெடலும் ஷிஃப்ட், ஸ்பேஸ், என்டர் ஆகியிருந்தன.

மல்லிகா தயங்கினாள். "மொத வரியே கோமதி அம்மன் துணைன்னு இருக்கு. அதப் போயி காலாலயா அடிக்க?"

அண்ணாச்சி மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"அந்த வரிய மட்டும் கையால அடிம்மா. அதுக்குக் கீழ பூராம் சொந்தக்காரங்கதான? மிதி."

விழுந்த பிறகு அன்றுதான் மல்லிகா சிரித்தாள். ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாக அடிக்க ஆரம்பித்துவிட்டாள். முதலாளி இப்போது வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம ஐடியாதான்" என்று மேஜைக்கு அடியில் குனிந்து காட்டுகிறார். அண்ணாச்சியும் கூடவே நின்று, "ஆமா, முதலாளிக்கு மூளை ஜாஸ்தி" என்று தலையாட்டுகிறார்.

அவரைப் பார்த்துச் சிரிப்பதை நான் இன்னும் விடவில்லை. வேறு யாராவது சிரித்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.