கொள்ளிவாய்ப் பிசாசு ஒரு கிளாஸ்

ஜம்புநாதனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் குமாஸ்தா. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஹெட் கிளார்க் ஊரோடு போய்விட்டதால் அவருடைய நாற்காலி காலி. அதை ஜம்பு ஒரு பக்கத்திலிருந்தும், அடுத்த மேஜைச் சந்திரமௌலி மறுபக்கத்திலிருந்தும் கண்ணாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மக்ராய் துரை அறையை விட்டு வெளியே வந்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். அக்டோபர் கடைசி நாள் அந்தி சாய்ந்தால் அவர்கள் ஊரில் பேய்கள் உலாவுமாம். அதைக் கொண்டாடச் செம்பூர் பங்களாவில் விருந்து.

"பேய்க்கு ஏற்ற காக்டெயில் வேண்டும். மது தொடாத மிஷன் பெண்மணிகளும் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே நிறம், அதே பெயர், ஆனால் மது கூடாது. இங்கே யாருக்காவது செய்யத் தெரியுமா?"

சந்திரமௌலி தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், ஜம்பு எழுந்துவிட்டார்.

"எனக்கு ரெண்டும் தெரியும் சார்!"

உட்கார்ந்த பிறகுதான் அகராதியைப் புரட்டினார். காக் என்றால் சேவல். டெயில் என்றால் வால். வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற வீட்டில் சேவல் வாலை எந்தப் பாத்திரத்தில் வேகவைப்பது என்று மத்தியானம் பூராவும் கலங்கினார். சாயங்காலம் துரையே ஒரு ரம் பாட்டிலையும் ஒரு ஜின் பாட்டிலையும் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்து, "பழரசத்தில் இதைக் கலந்து, வீட்டிலிருந்தே தயாராகக் கொண்டு வா" என்றார். சேவல் பிழைத்தது. ஜம்பு பிழைக்கவில்லை.

ஏனென்றால் மாட்டுங்காவில் வீட்டுக் கதவைத் திறப்பது அகிலாண்டம். அவருடைய தர்மபத்தினி. எதிர் வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே "அணைங்கோ மாமி" என்று குரல் கொடுக்கிற மூக்கு அவளுக்கு.

"ஏன்னா, கக்கத்துல என்ன?"

"ஒண்ணுமில்லே. ஆபீஸ் சாமான்."

"களக்களக்குன்னு சத்தம் போடறதே ஆபீஸ்?"

"அது வந்து... ஜின்."

வாய் தவறி வந்துவிட்டது. ஜம்பு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜின்னா? மதீனா பீவி சொல்லுவாளே, அந்தப் பூதமா?"

மதீனா பீவி தாராவியிலிருந்து கோரைப்பாய் விற்க வருகிறவள். வந்தால் பாயை விரித்து, அதிலேயே உட்கார்ந்து, கதையும் சொல்லிவிட்டுத்தான் போவாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது ஜம்புவுக்கு.

"அதேதான்டி! துரை பங்களாவில பேய் நடமாட்டம். பெரிய மாந்திரீகன் பூதத்தைப் பிடிச்சுப் பாட்டில்ல அடைச்சுக் குடுத்திருக்கான். இதைப் பானகத்துல கலந்து வெள்ளைக்காராள்ளாம் குடிச்சா, பேய் ஓடிடும். மிஷன்காராளுக்கு மட்டும் கலக்காத பானகம்."

"அவாளைப் பேய் பிடிக்காதோ?"

"அவாளைக் கண்டா பேய்க்கே பயம்."

"சரிதான். பானகம் நான் பண்றேன். நீங்க வெந்நீர் போட்டாலே அடிப்பிடிக்கும்." அகிலாண்டம் பாட்டில்களை வாங்கிப் பரண்மேல் வைத்தாள். "ஆனா பேய் ஓட்டற எடத்துக்கு உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வரேன்."

வேண்டாம் என்றால் பேய் இல்லை என்றாகும். பேய் இல்லை என்றால் பாட்டிலில் என்ன என்றாகும். ஜம்பு தலையை ஆட்டிவைத்தார்.

விருந்தன்று காலையிலிருந்து சமையலறை அமளிப்பட்டது. மராட்டியர்கள் புளிப்புக்குப் போடும் கோக்கத்தை ஊறவைத்துப் பிழிந்து, வெல்லம் சேர்த்தாள். சொட்டினால் தரையில் ரத்தம். அதற்கு 'ரத்தக்காட்டேரி' என்று ஜம்பு பெயர் வைத்தார். தேங்காய்ப்பாலில் ஏலம் தட்டி, ஊறின சப்ஜா விதையைத் தூவினாள். கிளாஸ் முழுக்கத் தவளைக் கண் மிதந்தது. அது 'மோகினி'. சுக்கும் மிளகும் கருப்பட்டியும் காய்ச்சிய கறுப்புத் தண்ணீர் 'கொள்ளிவாய்ப் பிசாசு'.

"ஏன்னா, மாதர் சங்கத்துல நாளைக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் கிளாஸ் ஆரம்பிக்கறா" என்றாள் மிளகை இடித்துக்கொண்டே.

"அதான் ஆறு மாசமா சொல்றயே. நானும் ஆறு மாசமா சொல்றேன். நீ கிளாசுக்குப் போனா ஆத்துல யார் சமைக்கறது?"

"அதுவும் சரிதான்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டது ஜம்புவின் கல்யாண வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு அவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பாதிப் பானகத்தைத் தனித் தூக்குகளில் ஊற்றி, இரண்டு பாட்டில்களையும் அவற்றில் கவிழ்த்தார். பூதம் கலந்த தூக்குகளுக்குச் சிவப்பு நூல் கட்டினார்.

செம்பூர் பங்களா வாசலில் குடைந்த பரங்கிக்காய்கள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. உள்ளே விளக்கு மங்கல். துரை கறுப்புப் போர்வை போர்த்தியிருந்தார். துரைசாணி அகிலாண்டத்தின் கையைப் பிடித்துப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள். ஜம்புவுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை அவர் விடுவதற்குள் துரை கைதட்டினார்.

"பேயை அழைத்தவன்தான் முதல் கிளாஸ் குடிக்க வேண்டும்!"

"நானா? சார், எனக்கு... வயிறு..."

"ஹெட் கிளார்க் ஆகப் போகிறவனுக்குத் தைரியம் வேண்டாமா?"

சிவப்பு நூல் தூக்கிலிருந்து ஒரு கிளாஸ் கொள்ளிவாய்ப் பிசாசு அவர் கைக்கு வந்தது. ஜம்பு மானசீகமாக ஏழு தலைமுறைக்கும் ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு, கடகடவென்று இறக்கினார். தொண்டை எரிந்தது. காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆச்சு. குடிகாரனாகிவிட்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ரத்தக்காட்டேரி ஒன்று குடித்தார். மோகினி இரண்டு. நாலாவது கிளாசில் கால் பின்னியது. ஐந்தாவதில் துரையின் தோளில் கைபோட்டு, "மக்ராய், நீ நல்லவன்டா" என்றார். நல்லவேளை, தமிழில் சொன்னார்.

கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாழ்வாரத்துக் கதவருகே நின்ற துரைசாணி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். மறு பேச்சில்லாமல் மீதியையும் குடித்தார்கள். துரையோ மிளகுக் காரத்தில் முகம் சிவந்து, "என்ன வீரியம்! என்ன வீரியம்!" என்று பாட ஆரம்பித்துவிட்டார்.

துரையின் கார் இருவரையும் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், வீட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. கடைகளில் இன்னும் கூட்டம் இருந்தது. ஜம்பு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார்.

"அகிலாண்டம்! நான் யாருக்கும் பயந்தவன் இல்லே!"

"மெதுவான்னா. எல்லாரும் பார்க்கறா."

"பார்க்கட்டும்! உனக்கு என்ன வேணும், கேளு!"

"இங்கிலீஷ் கிளாஸ்."

"போ! தினம் போ!"

"ஆத்துல யார் சமைக்கறது?"

"நான்! வெள்ளைக்காரனுக்கே பேயைக் காய்ச்சினவன், உனக்கு ஒரு ரசம் வைக்க மாட்டேனா? இது சத்தியம்!" கம்பத்தில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். வெற்றிலைக்கடைக்காரர், பூக்காரி, எதிர் வீட்டு ராஜலக்ஷ்மி மாமி, மூவரும் சாட்சி.

காலையில் கண் விழித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். என்ன காரியம் செய்துவிட்டோம்! அகிலாண்டம் காப்பியோடு வந்தாள்.

"இன்னிக்கு ஆறு மணிக்கு கிளாஸ். ரசப்பொடி இடது பக்கத்து டப்பாவுல இருக்கு."

"அடியே, நேத்திக்குச் சொன்னதெல்லாம் கணக்கில்லே. எனக்குப் புத்தி ஸ்வாதீனத்துல இல்லே."

"ஏன்?"

ஜம்பு குரலைத் தாழ்த்தினார். "அது பூதம் இல்லேடி. சாராயம். நான் குடிச்சுட்டேன்."

"ஐயையோ! அப்போ பிராயச்சித்தம் பண்ணணுமே. வாத்தியாரை வரச் சொல்றேன். ராஜலக்ஷ்மி மாமி கோவிலுக்குத்தான் கிளம்பறா, அவகிட்டயே சொல்லி அனுப்பறேன்."

"மாமிகிட்டயா! வேண்டாம்டி! மாட்டுங்கா பூரா நாறிடும்! உன் காலில வேணா விழறேன்."

அகிலாண்டம் காப்பி டம்ளரை அவர் கையில் திணித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"காப்பியைக் குடிங்கோ. நீங்க குடிச்சது சுக்குத் தண்ணி."

"என்னது?"

"மதீனா பீவியோட ஆத்துக்காரர் இனாயத்துல்லாதான் அந்த பங்களாவுக்குச் சமையல்காரர். துரைக்கு ஈரல் வீக்கம், ஒரு சொட்டு கூடப் படப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். துரை கேக்கலை. துரைசாணி அழுதிருக்கா. பாட்டில் இங்கே இருக்குன்னு மதீனா பீவிகிட்டே சொன்னேன். ரெண்டையும் காலி பண்ணி, ஒண்ணுல சுக்குக் கஷாயம், இன்னொண்ணுல வெறும் ஜலம் ஊத்தி வெச்சேன். அசல் சரக்கு அன்னிக்கே துரைசாணிகிட்டே திரும்பிப் போயிடுத்து."

ஜம்புவின் கண் நிறைந்துவிட்டது. ஏழு தலைமுறையும் தப்பித்தது. "நான் குடிக்கலையா? நெஜமாவா? ஒரு சொட்டு கூட?"

"ஒரு சொட்டு கூட."

"நீ மகராசியா இருப்பே அகிலாண்டம்!"

"இருப்பேன். அப்போ நேத்திக்கு உங்க புத்தி ஸ்வாதீனத்துலதான் இருந்தது. வெறும் பானகத்தைக் குடிச்சுட்டு, சாட்சி வெச்சுண்டு சத்தியம் பண்ணியிருக்கேள். இல்லே, குடிச்சேன்னுதான் சொல்லப் போறேள்னா, மாமி இன்னும் படியிறங்கலை."

ஜம்பு யோசித்தார். நிறைய யோசிக்க அங்கே ஒன்றும் இல்லை.

"ரசப்பொடி இடது பக்கத்து டப்பாவா?"

ஆபீசில் துரை கைகுலுக்கினார். இத்தனை குடித்தும் காலையில் தலைவலியே இல்லாத சரக்கை வாழ்நாளில் பார்த்ததில்லையாம். சந்திரமௌலி பார்த்துக்கொண்டிருக்க, ஜம்பு ஹெட் கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் மூட்டைப்பூச்சி இருந்தது. இருந்தாலும் மனசு பஞ்சாக லேசானது. குலம் பிழைத்தது, மானம் பிழைத்தது, துரையின் ஈரலும் பிழைத்தது. ஒரு ரசம்தானே!

சாயங்காலம் அகிலாண்டம் பட்டுக்கரைப் புடவை உடுத்தி, சிலேட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஜம்பு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். நெருப்புப்பெட்டியை மூன்று இடத்தில் தேடினார். பிறகு பால்கனிக்கு ஓடி வந்து, தெருவில் போகிறவளைக் கூப்பிட்டார்.

"அகிலாண்டம்! ரசத்துக்கு உப்பு எவ்வளவுடி?"

அவள் நின்றாள். திரும்பினாள். துரைசாணியிடம் முந்தின நாள் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியத்தைத் தெருவே கேட்கச் சொன்னாள்.

"ஐ டோண்ட் நோ!"