விழுந்த மரத்துக்கு ஒரு விண்ணப்பம்

மரம் என்றால் நிற்க வேண்டும். இது இயற்கையின் ஏற்பாடு. அரசாங்கமும் இதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. விழுந்த மரம் என்ன வகையறா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாவதற்குள் ரீட்டா ஆன்ட்டியின் சமையல் குசினி என்ன கதிக்கு ஆளானது என்பதை, பொதுமக்கள் நன்மை கருதி நான் சொல்லியாக வேண்டும்.

ரிங்லெட் என்ற மலையூருக்குக் கொஞ்சம் மேலே, ஆன்ட்டியின் கணவர் ஹரோல்ட் அங்கிளுக்கு அரை ஏக்கர் சொந்த நிலம். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, ஓய்வுக் காசில் வாங்கியது. அதே தோட்டத்தில் கூலி வேலை பார்த்த எங்கள் பெற்றோர் அவரை ஐயா என்பார்கள். நிலம் வாங்கி அக்கம்பக்கம் வந்த பிறகு நாங்கள் அங்கிள் ஆக்கிக்கொண்டோம். நிலப் பட்டாவான கிராண்டு அவர் பேரில். மரமும் அவருடையது, குசினியும் அவருடையது. நவம்பர் காற்றில் ஒரு தைல மரம் வேரோடு சாய்ந்து குசினிக் கூரையில் பாதியை நொறுக்கிவிட்டது.

என் பெயர் மகேன். மரம் அறுப்பது தொழில். செயின்சாவும், அதில் மாட்டி மரத்தைப் பலகையாக வகிர ஒரு சட்டகமும் வைத்திருக்கிறேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நல்ல நேரான மரம். கூரைக்குக் கைமரமும் பலகையும் எடுத்த பிறகும் குளிர்காலம் முழுக்க விறகு மிஞ்சும். மழைத்தண்ணி அரிசிச் சட்டியில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே ரீட்டா ஆன்ட்டி ஒரே ஒரு விஷயம் கேட்டார். கிறிஸ்மஸுக்கு மகள் கரேன் கோலாலம்பூரிலிருந்து சம்பந்தி வீட்டாரோடு வருகிறாள். அதற்குள் தலைக்கு மேலே கூரை வேண்டும்.

"ரெண்டு நாள் வேலை ஆன்ட்டி," என்றேன்.

"இருப்பா," என்றார் அங்கிள். "பெர்மிட் எடுத்துட்டு வந்துடறேன்."

இங்கேதான் சனி பிடித்தது. இந்த வட்டாரத்தில் சொந்த நிலத்தில் விழுந்த மரத்துக்கு அனுமதி கேட்டவர் அதுவரை ஒருத்தர்கூட இல்லை. நாங்கள் பாட்டுக்கு அறுப்போம், அடுக்குவோம்; ஆபீஸ் பாட்டுக்கு ஆபீஸ் நடக்கும். ஆனால் அங்கிள் கிராணி. தோட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்ட விறகுச் சீட்டு இல்லாமல் ஒரு சுள்ளி நகராது. என் அம்மா செல்லம்மா, சீட்டில் எழுதின கட்டுக்கு மேலே நாலு குச்சி கொண்டுவந்தாள் என்று, கட்டை அவிழ்க்கச் சொல்லி அந்த நாலை எண்ணி எடுத்து வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் தனக்கு மட்டும் சீட்டில்லாமல் மரம் அறுப்பாரா? நேர்மையான மனுஷன். அந்த வியாதிக்கு மருந்து கிடையாது.

ஆபீஸ் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த உதவி அதிகாரி குகனேஸ்வரன் நம்ம பையன்தான். கழுத்தில் அடையாள அட்டை, நெஞ்சில் 'பசுமையே பெருமை' என்று ஒரு பட்டன். காகிதக் காலம் மலையேறிவிட்டது, இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று சந்தோஷமாகச் சொன்னவர், கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக மூன்று விண்ணப்பப் பாரம் கொடுத்தார். மரத்தை வெட்ட உத்தேசித்துள்ள தேதி என்ற இடத்தில் அங்கிள், மரம் தானாக விழுந்த தேதியை எழுதினார். கம்ப்யூட்டர் அதை ஏற்க மறுத்துவிட்டது.

"போன தேதி எடுக்காது அங்கிள். வர்ற தேதியா ஒண்ணு போடுங்க."

"மரம் விழுந்துடுச்சே சார்."

"அது உங்க வீட்லதான் லா. சிஸ்டத்துல இன்னும் நிக்குது."

அங்கிள் வருகிற தேதி ஒன்று போட்டார். மரம் எழுந்து நின்றுகொண்டது. நிற்கிற மரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குசினி இருப்பது ஆபீசின் கவனத்துக்கு வந்தது. மறுவாரம் கடிதம். மேற்படி மரம் மேற்படி குசினியின் மேல் விழும் அபாயம் உள்ளபடியால், மேற்படி குசினியை உடனடியாகக் காலி செய்யும்படி அன்போடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கையோடு பார்வையிடவும் வந்தார் குகனேஸ்வரன். படுத்திருந்த மரத்தின் உயரத்தை அளந்தார். நிழல் எப்படி என்று பாரத்தில் ஒரு கட்டம். சற்று யோசித்துவிட்டு, திருப்திகரம் என்று எழுதினார். பிறகு மரத்தையும் குசினியையும் சேர்த்து மஞ்சள் நாடாவால் சுற்றிக் கட்டினார். ரீட்டா ஆன்ட்டி சட்டிபானையோடு வெளியே வந்தார். ஒரு கென்வாஸைக் கட்டி, அடியில் மூன்று கல் வைத்து, அதே மரத்தின் கிளையை ஒடித்து அடுப்பு மூட்டினார். போச்சுடா, இதற்கும் ஒரு கடிதம் வரும் என்று நினைத்தேன். குகனேஸ்வரனோ சிரித்தார். சொந்த நிலத்து விறகைச் சொந்தமாக எரிக்க எந்தப் பெர்மிட்டும் வேண்டாமாம்.

"அப்ப பலகைக்கு?" என்று கேட்டேன்.

"பலகை எடுத்தா அது மர ஆலைலா அண்ணே. லைசென்ஸ் வேணும்."

"அவங்க சொந்தக் கூரைக்குத்தானே?"

"எரிச்சா சொந்த உபயோகம். கட்டினா தொழில்."

குளிருக்கு அந்த நெருப்பு இதமாக இருந்தது. ஆன்ட்டி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். குகனேஸ்வரன் இரண்டு கிளாஸ் குடித்து, நெருப்புப் பக்கத்தில் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அங்கிள் ஆலை லைசென்ஸுக்கும் விண்ணப்பித்தார். ஆலை என்றால் பெரிய பெயர்ப்பலகை வேண்டும், தீயணைப்பு உருளை வேண்டும், ரிஜிஸ்டர் வேண்டும், தொழிலாளர்களுக்குக் கழிவறை வேண்டும். தொழிலாளர்கள் என்பது நான் ஒருத்தன். என் வீடு கூப்பிடு தூரம். இருந்தாலும் எனக்கென்று ஒரு கழிவறை எழும்பியது. அதற்கு வேண்டிய பலகையை அங்கிள் மலையடிவாரத்துத் தாப்பா டவுனுக்கு இறங்கிக் கடையில் வாங்கிவந்தார். அந்தப் பலகையைக் குசினி மேலே போட்டிருக்கலாமே என்று ஆன்ட்டி கேட்டார். கழிவறை இல்லாமல் லைசென்ஸ் வராது, லைசென்ஸ் இல்லாமல் கூரை வராது என்று அங்கிள் பொறுமையாக விளக்கினார். மனுஷனுக்குப் பத்து வயசு குறைந்திருந்தது. பைல், நகல், நகலுக்கு நகல் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்தார்.

இதற்கிடையில் குகனேஸ்வரன் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. மலைக்குளிர், விறகடுப்பு, தகரக் குவளையில் தேத்தண்ணி. இப்போது இதுதானாம் நாகரிகம். தீயணைப்பு உருளையைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். கழிவறையைப் பார்க்க நாலு பேர். பெயர்ப்பலகையின் எழுத்தை அளக்க ஒரு வேன் நிறைய, குடும்பத்தோடு. ஆளுக்கு ரெண்டு கிளாஸ், அதற்கு ஒரு கட்டை. நானும் போகும்போதெல்லாம் குடித்தேன், பொய் சொல்லுவானேன். மரம் நுனியிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. அங்கிள் ஒவ்வொரு கட்டையையும் ரிஜிஸ்டரில் பதிந்து கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் லைசென்ஸும் பெர்மிட்டும் சேர்ந்தே வந்தன. குகனேஸ்வரனே நேரில் கொண்டுவந்து, சுற்றும்முற்றும் பார்த்தார்.

"மரம் எங்கே ஆன்ட்டி?"

"நீங்க குடிச்சுட்டீங்க சார்," என்றார் ஆன்ட்டி.

அவர் கொஞ்சம் கவலைப்பட்டார். பிறகு போனில் எதையோ பார்த்துவிட்டு முகம் தெளிந்தார். சிஸ்டத்தில் மரம் நிற்கிறதாம், அது போதுமாம்.

மறுநாள் கரேனின் மாமியார் கென்வாஸுக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு கேக் சாப்பிட்டார். எல்லாம் ரொம்ப இயற்கையா இருக்கு, இப்படி அமைக்க ரொம்ப செலவாகியிருக்குமே என்றார். ஆன்ட்டி புகை மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெண்டு நாள் வேலை.

கதை இதோடு முடிந்திருந்தால் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்திருப்போம். ஆனால் இந்த வட்டாரத்தில் மரங்கள் விழுகின்றன என்ற செய்தி, அங்கிளின் பைல் மூலமாக, முதன்முறையாக ஆபீசுக்குத் தெரிந்துபோய்விட்டது. சுற்றறிக்கை வந்தது. இனி யார் நிலத்தில் எந்த மரத்தை அறுப்பதானாலும் லைசென்ஸ் பெற்ற ஆலை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஆலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் அறுக்க மரம் இல்லை, ஆனால் ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது.

பிப்ரவரிக் காற்றில் என் வீட்டுக் கூரை மேலேயே ஒரு மரம் விழுந்தது. செயின்சாவைக் கையில் எடுத்தேன், எண்ணெய் ஊற்றினேன், மரத்துக்குக் கிட்டே போய் நின்றேன். வாழ்நாளில் யாரையும் கேட்டு அறுத்தவன் இல்லை. அன்றைக்குக் கை வரவில்லை. அங்கிள் வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். "கட்டுக்கு மேல எடுத்துடாதடா," என்றாள்.

எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். எனக்காகக் கட்டின கழிவறைதான் இப்போது ஆலையின் ஆபீஸ். அந்த வளவில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். உள்ளே அங்கிள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கென்வாஸ் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. அவர் பேனா மூடியைத் திறந்து, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"மரம் நிக்குதா, விழுந்துடுச்சா?"

"நிக்குதுங்க ஐயா," என்றேன்.